தர்மத் தண்ணீரும் உரிமைத் தண்ணீரும்

(காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், ஆப்பிரிக்கக் கிராமங்களில் பள்ளிக்கூடம் வைப்பது, கிணறு வெட்டுவது, ஜனங்களுக்குப் பிழைக்க வழி செய்வது ஆகிய தர்மக் காரியங்களைப் பற்றியதாகும். நோட்டீசைப் பார்த்ததுமே சில தோழர்கள், “பிள்ளையார்பாளையத்து நெசவாளத் தெருவில் நின்றுகொண்டு ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேசுவானேன், இங்கே பேச விஷயமில்லையா?” என்று கேட்டார்களாம். கேட்டது நியாயந்தான். ஆனால் கென்யா தேசத்துக் கிராமத்துப் பெண்கள் இன்று கூட்டமாய் உட்கார்ந்து, சேமித்து, கணக்கு வைத்து, சிறு தொழில் செய்யக் கடன் எடுக்கிற ஏற்பாடுகளில் ஒன்று இந்தக் காஞ்சிபுரத்திலிருந்து போனது என்பதும், அது உங்கள் தறிக்குழியில் உட்கார்ந்திருந்த குழந்தைகளை எழுப்பப் போன இடத்தில் வளர்ந்தது என்பதும் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆகவே நாம் ஆப்பிரிக்காவுக்குப் போவதற்கும் இந்தத் தெரு வழியாகத்தான் போகவேண்டியிருக்கிறது.

கோர்வைச் சேலையைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. வெளியூர்த் தோழர்களுக்காகச் சொல்லுகிறோம். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். அதற்கு மூன்று நாடா ஓடவேண்டும். நெய்கிறவர் ஒருவர் கையால் ஆகாது. ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் கூடவே உட்கார வேண்டும். அந்த ஆளுக்குப் பெரிய ஆள் கூலி கொடுத்தால் நெசவாளிக்குக் கட்டாது. ஆகவே அந்த இடத்தில் ஒரு குழந்தையைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். ஏழு வயது, எட்டு வயது, அதற்கும் கீழே. வெளிச்சமில்லாத வீட்டில், ஈரக்குழியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு பத்து மணி, பன்னிரண்டு மணி நேரம்.

இது எப்படி நடந்தது? பெற்றோர் கெட்டவர்களா? இல்லை. வீட்டில் ஒரு பிரசவம், ஒரு சாவு, ஒரு கல்யாணம், மழைக்காலத்தில் பாவு போட முடியாத பட்டினி. கையிலே காசில்லை. தறி முதலாளியிடம் சில ஆயிரம் ரூபாய் முன்பணம் வாங்கினார்கள். அந்த முன்பணத்துக்கு ஈடு நகையல்ல, நிலமல்ல; பெற்ற பிள்ளை. பிள்ளை வேலை செய்து வாங்குகிற கூலியிலே கடன் கழியாது. கழியக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. கழிகிற சமயத்தில் இன்னொரு முன்பணம் வந்து சேரும்.

இந்த மாதிரிக் கடனெல்லாம் செல்லாது என்று 1976-ம் வருஷத்திலேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் சொல்லிவிட்டது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் ஒன்று வந்தது. அதிலே குடும்பத் தொழிலுக்கு விலக்கு வைத்திருந்தார்கள். சட்டம் போட்டவர்களுக்கும் சந்து விட்டுப் போடத்தான் தெரிந்தது! 2003-ல் அமெரிக்காவிலிருந்து வந்த ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் சங்கத்தார் பட்டுத் தொழிலில் கொத்தடிமையாயிருக்கும் குழந்தைகளைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். அதிலே காஞ்சிபுரத்தின் பெயர் இருந்தது. ஆயிரம் கோயிலுள்ள ஊர் என்று பெருமையடித்துக்கொள்ளுகிறோமே, அந்த ஊரின் பெயர் உலகத்தார் முன்னிலையில் இப்படியும் வாசிக்கப்பட்டது.

அந்தக் காலத்தில் இந்தத் தெருக்களில் யாரைக் கேட்டாலும் சொன்ன சமாதானம் என்ன? “அவன் தலையெழுத்து” என்றார்கள். “பூர்வ ஜன்மத்தில் செய்த பாவம்” என்றார்கள். கொஞ்சம் படித்தவர்கள், “சின்ன விரல் இருந்தால்தான் மெல்லிய இழை அறாது, கைத்தொழில் சிறுவயதிலேயே பழகவேண்டும்” என்று சாஸ்திரீயமாகச் சொன்னார்கள். தோழர்களே! முதலாளி வீட்டுப் பிள்ளைக்கும் சின்ன விரல்தானே இருந்தது? அந்த விரல் ஏன் கான்வென்டில் பென்சில் பிடித்துக்கொண்டிருந்தது? பிரமன் மண்டையோட்டில் எழுதினான் என்கிற எழுத்து, சில ஆயிரம் ரூபாய் கடன் அடைந்ததும் அழிந்துபோகுமானால், அது பிரமன் எழுதின எழுத்தா, முதலாளி நோட்டில் எழுதின எழுத்தா?

அந்த நோட்டை அழித்தவர்கள் பலர். 1988-ல் தொடங்கின தேசிய குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் தனிப் பள்ளிகள் இருந்தன. ரைடு போன்ற உள்ளூர்ச் சங்கங்கள் வேலை செய்தன. 2002-ல் இதே காஞ்சிபுரத்தில் ஹேண்ட் இன் ஹேண்ட் என்ற சங்கம் ஏற்பட்டது. அதற்குப் பணம் சுவீடன் தேசத்தாரிடமிருந்து வந்தது. ஏபிபி என்னும் பெரிய மின்சார இயந்திரக் கம்பெனியில் தலைவராயிருந்த பெர்சி பார்னெவிக் என்பவர் அதற்குப் பின்பலமாய் நின்றார். தறியிலிருந்து எழுப்பின குழந்தையை நேரே ஐந்தாம் வகுப்பில் உட்கார வைத்தால் அது மறுநாளே ஓடிவிடும். ஆகையால் முதலில் தனியே கொஞ்சகாலம் படிக்கவைத்து, பிறகு சர்க்கார் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஆனால் நம் கண்ணுக்கு முக்கியமாய்ப் படுவது அதுவல்ல. குழந்தையை எழுப்பினால் போதாது, அந்தக் குழந்தையைத் தறியில் உட்கார வைத்த கடனையும் எழுப்பவேண்டும் என்று கண்டுகொண்டார்கள். தாய்மார்களைப் பதினைந்து இருபது பேராகக் கூட்டி, வாராவாரம் சேமிக்கச் சொல்லி, எழுதப்படிக்கவும் கணக்குப் பார்க்கவும் பழக்கி, பிறகு கடன் கொடுத்தார்கள். தாய் கையில் மாடோ, தையல் இயந்திரமோ, சிறுகடையோ வந்த பிறகு முதலாளி வாசலுக்கு முன்பணம் கேட்கப் போகவேண்டிய அவசியம் குறைந்தது. பிள்ளையும் பள்ளிக்கூடத்தில் நிலைத்தது.

எல்லாப் பெருமையும் இந்தச் சங்கங்களுக்கே என்று நாம் சொல்லவரவில்லை. மத்தியானச் சோறு இருந்தது. அது 1920-ல் ஜஸ்டிஸ் கட்சித் தலைவர் தியாகராயர் சென்னை நகராட்சிப் பள்ளியில் தொடங்கிவைத்து, பிறகு காமராசர் காலத்தில் நாடெங்கும் பரவி, 1982-ல் சத்துணவாகி, 2022-ல் காலைச் சாப்பாடும் சேர்ந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலைகள் வந்து, பெரியவர்களுக்கு வேறு கூலி கிடைத்தது. இத்தனையும் சேர்ந்து செய்த வேலை. இந்தக் காரணங்களின் ஜாபிதாவில் எந்தத் தெய்வத்தின் பெயரையாவது சேர்க்க இடமிருக்கிறதா என்று நாமும் தேடிப் பார்த்தோம், அகப்படவில்லை.

2019-ம் வருஷம் ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரையில் இந்த ஊரிலே அத்திவரதர் திருவிழா நடந்தது. நாற்பது வருஷம் குளத்துத் தண்ணீருக்குள் கிடந்த மரச்சிலையை எடுத்து வைத்து, ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் தண்ணீர், கக்கூசு, வைத்தியம், ரஸ்தா எல்லாம் சர்க்கார் செய்யவேண்டி வந்தது, செய்தது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு கோடிப் பேர் 48 நாளில் வருகிறபோது தண்ணீர் கிடைக்கும், இந்தத் தெருவில் வருஷம் 365 நாளும் இருக்கிறவர்கள் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கவேண்டுமென்றால், தண்ணீர் பஞ்சமா, மனம் பஞ்சமா? சாமியைத் தண்ணீருக்குள் நாற்பது வருஷம் வைத்திருக்க முடிந்த ஊரில், ஏழை வீட்டுப் பானைக்குள் தண்ணீரை ஒரு நாள் முழுவதும் வைத்திருக்க முடியவில்லை. சுவீடன்காரன் கடல் தாண்டி வந்து நம் குழந்தைகளைத் தறிக்குழியிலிருந்து தூக்கினான். உண்டியலில் கொட்டின நம்மவர்கள் எத்தனை பேர் அந்தக் குழிப்பக்கம் எட்டிப் பார்த்தார்கள்?

இதற்குக் காரணம் நம் ஜனங்கள் கல்நெஞ்சர்கள் என்பதல்ல. தானம் என்பதற்கு நமக்குச் சொல்லிக்கொடுத்த அர்த்தம் அப்படி. நம் சாஸ்திரங்களில் தானம் வாங்குகிறவன் பசிக்காக ஏற்பட்டதல்ல, கொடுக்கிறவன் மோட்சத்துக்காக ஏற்பட்டது. ஆகையால் கொடுத்தது பயன்பட்டதா என்று திரும்பிப் பார்க்கவேண்டிய அவசியமே கொடுத்தவனுக்கு இல்லை. புண்ணியம் கொடுத்த நிமிஷத்திலேயே கணக்கில் ஏறிவிடுகிறது!

இந்தப் புண்ணியக் கணக்கு நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமல்ல. வெள்ளைக்காரர்களிடமும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் ஒருவிதப் பம்பு கண்டுபிடித்தார்கள். குழந்தைகள் விளையாடுகிற ராட்டினம். அது சுற்றினால் பூமியிலிருந்து தண்ணீர் மேலே தொட்டிக்கு ஏறும். தொட்டியைச் சுற்றி விளம்பரப் பலகை. பார்க்க எவ்வளவு அழகு! 2006-ல் அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி லாரா புஷ் அம்மையார் முன்னின்று, இதற்காக 1 கோடியே 64 லட்சம் டாலர் ஏற்பாட்டை அறிவித்தார். 2010-க்குள் நாலாயிரம் ராட்டினம் வைப்பதாகத் திட்டம். சாதாரண அடிபம்பைப்போல் சுமார் நாலு மடங்கு விலை. பிறகு என்ன ஆயிற்று? சொன்ன அளவு தண்ணீர் வரவேண்டுமானால் குழந்தைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாடவேண்டும் என்று லண்டன் கார்டியன் பத்திரிகை 2009-ல் கணக்குப் போட்டுக் காட்டியது. ஒரு நாளைக்கு 24 மணிதானே! குழந்தைகள் பள்ளிக்கூடத்திலிருக்கும் நேரத்திலும், விளையாட மனமில்லாத நேரத்திலும், தாய்மார்களும் கிழவிகளும் அந்த ராட்டினத்தைக் குனிந்து குனிந்து தள்ளினார்கள். பழுதானால் கிராமத்தார் கையால் சரிசெய்ய முடியாது. சில ஊர்களில் நன்றாயிருந்த பழைய பம்பைப் பிடுங்கிவிட்டு இதை வைத்திருந்தார்கள் என்றால், இந்தத் தர்மத்தின் யோக்கியதையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே கைத்தொழில் பழகுகிறான் என்று சொல்லிக் குழந்தையை வேலை வாங்கினோம். அங்கே விளையாடுகிறான் என்று சொல்லி வாங்கப் பார்த்தார்கள். வேறென்ன வித்தியாசம்?

இதற்கு நேர்மாறான ஒரு சங்கதியும் இருக்கிறது, அது நம் பக்கத்துச் சங்கதி. 1970-ஆம் வருஷங்களில் பஞ்சத்துக்காக இந்தியா முழுவதும் ஆழ்குழாய்க் கிணறு போட்டு, ஒரு குடும்பத்துக்கென்று சீமையில் செய்த மாதிரிப் பம்பை ஊருக்கே பொதுவாக வைத்தார்கள். ஒரு குடும்பம் அடிக்கிற பம்பை ஒரு கிராமம் முழுவதும் அடித்தால் தாங்குமா? பெரும்பாலானவை உடைந்து கிடந்தன. அப்போது சோலாப்பூர்ப் பக்கத்தில் பள்ளிப் பட்டம் இல்லாமல் தானாகவே தொழில் கற்ற ஒரு மெக்கானிக் செய்திருந்த பம்புதான் உடையாமல் நின்றது. அதை அடிப்படையாக வைத்து, யுனிசெப்பும் சர்க்காரும் சேர்ந்து, கோயம்புத்தூர்ப் பக்கத்தில் பரீட்சை பார்த்து, சென்னையில் ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் தொழிற்சாலையில் செய்ததுதான் ‘இந்தியா மார்க் 2’ என்ற அடிபம்பு. உங்கள் தாய்மார்கள் அடித்தது அதுதான். அதுவே பிற்பாடு கப்பலேறி ஆப்பிரிக்கா போயிற்று. உகாண்டாவில் அதையொட்டித் தங்களுக்கென்று ஒரு பம்பே செய்துகொண்டார்கள்.

அந்தப் பம்பு ஜெயித்தது இரும்பின் கெட்டித்தனத்தால் மாத்திரமல்ல. கிராமத்தில் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், ஜில்லாவில் சாமான்களோடு ஒரு வண்டி என்று பராமரிப்புக்கு ஏற்பாடு செய்த இடத்தில் அது நின்றது. அப்படிச் செய்யாத இடத்தில் அதுவும் துருப்பிடித்தது. ஆப்பிரிக்கக் கிராமங்களில் வைத்த அடிபம்புகளில் எந்தச் சமயத்தில் எண்ணிப் பார்த்தாலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேலை செய்யாமல் நின்றன என்று 2009-ல் கணக்கெடுத்தவர்கள் சொன்னார்கள். வைத்தவர் கல்வெட்டு பதித்துவிட்டுப் போய்விட்டார். வாஷர் மாற்ற ஆளில்லை, வாங்கப் பணம் வசூலிக்கிற நோட்டில்லை. கும்பாபிஷேகத்துக்கு ஊரே கூடும், மறுநாள் விளக்குக்கு எண்ணெய் ஊற்ற ஆளிராது என்று நம் கிராமத்தில் சொல்லுவதில்லையா, அது மாதிரிதான்.

இனி கென்யாவுக்குப் போவோம். ஹேண்ட் இன் ஹேண்ட் சங்கம் காஞ்சிபுரத்தில் பழகிய முறையைக் கென்யாவிலும் வேறு சில ஆப்பிரிக்க நாடுகளிலும் கொண்டுபோய் வைத்தது. தர்மமாய்ப் பணம் கொடுப்பதல்ல, குழு கூட்டி, சேமித்து, பயிற்சி கொடுத்து, தொழில் தொடங்கவைப்பது. இதைக் கேட்டதும் “பார்த்தீர்களா, கருப்பனுக்கு நாம் சொல்லிக்கொடுத்தோம்” என்று மார்தட்ட வேண்டாம். அவர்களிடத்தில் ‘சாமா’ என்று பெயர் வைத்துப் பெண்கள் சீட்டுப் பிடிக்கிற வழக்கம் முன்னமே இருந்தது. 1963-ல் சுதந்தரம் வந்தபின் ‘ஹராம்பே’ என்று சொல்லி, அதாவது எல்லோரும் சேர்ந்து இழுப்போம் என்று, சர்க்காரை எதிர்பாராமல் ஊர் ஜனங்களே பள்ளிக்கூடங்கள் கட்டிக்கொண்டார்கள். வங்காரி மாத்தாய் என்ற பெண்மணி 1977-ல் கிராமத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மரம் நடத் தொடங்கி, 2004-ல் நோபல் பரிசு பெற்றார். நல்ல நிலத்தையெல்லாம் வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டு, 1884-85-ல் பெர்லினில் மேஜைமேல் படம் போட்டு அவர்கள் பூமியைப் பங்குபோட்ட பிறகு, மிஞ்சினதை வைத்துக்கொண்டு எழுந்து வந்தவர்கள் அவர்கள்.

நாமோ நம்மைவிடக் கொஞ்சம் கருப்பாயிருக்கிறவனைக் கண்டால் கேலி செய்கிறோம். பெண் பார்க்கப் போனால் முதல் கேள்வி நிறம் என்ன என்பது. நம் ஜனங்கள் ஆப்பிரிக்காவுக்குப் போனது எப்படி? சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் 1860 நவம்பரில் டர்பன் துறைமுகத்தில் நம்மவர்களைக் கரும்புத் தோட்டக் கூலிகளாக இறக்கிற்று. ஐந்து வருஷ ஒப்பந்தம். அதுவும் ஒரு முன்பணச் சங்கதிதான். தறிக்குழியில் பிள்ளையை வைத்தவனும், கரும்புத் தோட்டத்தில் தகப்பனை வைத்தவனும் ஒரே நோட்டில்தான் எழுதினான்.

ஒரு சங்கதியை மாத்திரம் எந்தச் சங்கமும், எந்தப் பம்பும் செய்ய முடியாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில் ஆதிதிராவிட மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியிலே மலம் கலந்திருந்தது. தொட்டி இருந்தது, குழாய் இருந்தது, மின்சாரம் இருந்தது. 1924-லேயே சென்னைச் சட்டசபையில் ஆர்.வீரையன் அவர்கள் கொண்டுவந்த தீர்மானத்தால் பொதுக்கிணறும் பொது ரஸ்தாவும் எல்லோருக்கும் சொந்தம் என்று ஆயிற்று. 1927-ல் மகத்திலே அம்பேத்கர் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்துக் காட்டினார். 1925 நவம்பரில், இதே காஞ்சிபுரத்து மாநாட்டில்தான் வகுப்புரிமைத் தீர்மானத்துக்கு இடமில்லை என்றதும் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். ஏறக்குறைய நூறு வருஷத்துக்குப் பிறகு வேங்கைவயல்! வெளியூர்க்காரன் பம்பு கொடுப்பான், அதை யார் தொடலாம் என்கிற புத்தியை அவன் கழுவ முடியாது. அது நம் வேலை. இதைச் செய்யாமல் தண்ணீர்த் தர்மம் செய்வது ஓட்டைக் குடத்தில் ஊற்றுவதாகும்.

தாய்மார்களே! இன்னொன்றும் சொல்லவேண்டும். இப்போது உங்கள் தெருவில் வாரக்கடன்காரர்கள் வருகிறார்கள். குழு என்கிறார்கள், மகளிர் முன்னேற்றம் என்கிறார்கள். நல்ல குழுவும் உண்டு, பெயரை மாத்திரம் எடுத்துக்கொண்டதும் உண்டு. 2010-ல் ஆந்திராவில் இந்த மாதிரிக் கடன் கம்பெனிகளின் வசூல் தொல்லையில் பெண்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள், சர்க்கார் அவசரச் சட்டம் போட நேர்ந்தது. ஒன்று மாத்திரம் பாருங்கள். சேமிப்பு முதலில் வந்து கடன் பிறகு வருகிறதா, கடன் முதலில் வருகிறதா? நோட்டு உங்கள் கையிலிருக்கிறதா, அவன் பையிலிருக்கிறதா? ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று வந்துவிட்டால், மறுபடி பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் மேல்தான் கண் போகும். 2016-ல் திருத்தின சட்டத்திலும், பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு உதவி என்று சட்டம் வீட்டுக்குள் வந்து பார்க்காது. நீங்கள்தான் பார்க்கவேண்டும்.

இரண்டு சீட்டு வந்திருக்கின்றன. ஒன்றில் ஒரு தோழர், “வெள்ளைக்காரன் உதவி செய்வது மதம் மாற்றத்தானே, அதை ஏன் கண்டிக்கவில்லை?” என்று கேட்கிறார். சோற்றைக் காட்டி மதத்தை ஊட்டினால் அது கண்டிக்கத்தக்கதுதான், எந்த மதமானாலும். ஆனால் தோழரே, இரண்டாயிரம் வருஷமாய் உங்கள் மதத்திலேயே இருந்த குழந்தையைத் தறிக்குழியிலிருந்து எடுக்க உங்கள் மதம் ஏன் ஒரு விரலையும் நீட்டவில்லை என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகு எடுத்தவன் கையில் என்ன புஸ்தகம் இருந்தது என்று பார்ப்போம்.

இரண்டாவது சீட்டில், “கோயிலில் அன்னதானம் செய்கிறார்களே, அதுவும் உதவிதானே?” என்று இருக்கிறது. பசித்தவன் சாப்பிடட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளை சாப்பிடுவதற்குப் பெயர் உரிமை. சோறு குறைந்தால் ‘ஏன் குறைந்தது’ என்று கேட்கலாம். கோயில் பந்தியில் கேட்டுப் பாருங்கள், “சாமி பிரசாதம், கிடைத்ததைச் சாப்பிடு” என்பார்கள்.

சீட்டின் அடியில் இன்னொரு வரியும் இருக்கிறது: இந்தத் தெருவில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று கவுன்சிலரைக் கேட்டால் பதில் வருமா என்று எழுதியிருக்கிறார்கள். வாய்ச் சொல்லாகக் கேட்டால் வராது. நாளைக் காலையிலிருந்து ஒரு மாதம், தண்ணீர் வந்த நாள், வந்த நேரம், நின்ற நேரம், எத்தனை குடம் என்று ஒவ்வொரு வீதியிலும் ஒருவர் நோட்டில் எழுதுங்கள். எட்டாவது படிக்கிற பெண்பிள்ளை எழுதினால் போதும். மாதம் முடிந்ததும் நோட்டுகளை எடுத்துக்கொண்டு மாநகராட்சி ஆபீசுக்குப் போவோம், நாமும் கூட வருகிறோம்.